உயிர் தொடங்கிய இடத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தது?

பள்ளிப் பாடப்புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. இரண்டு கண்ணாடிக் குடுவைகள், அவற்றை இணைக்கும் வளைந்த குழாய்கள், மேல் குடுவைக்குள் ஒரு மின்பொறி, கீழே மில்லர்–யூரே சோதனை என்று ஒரு வரி. எனக்குப் பாடம் எடுத்தவர் அதை மூன்றே வாக்கியத்தில் முடித்தார். ஆதியில் பூமியில் மின்னல் அடித்தது, அமினோ அமிலங்கள் உண்டாயின, அவை கடலில் சேர்ந்து உயிர் வந்தது. அடுத்த பக்கம். நானும் அது எப்போதோ தீர்ந்துபோன விஷயம் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு வேறு எதற்காகவோ வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சாதாரணச் சமன்பாடு கண்ணில் பட்டது. புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் இரண்டு இணையும்போது, ஒன்றின் முனையிலிருந்து ஒரு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும், மற்றதன் முனையிலிருந்து இன்னொரு ஹைட்ரஜனும் கழன்று, ஒரு தண்ணீர் மூலக்கூறாக வெளியே போகின்றன. ஒவ்வொரு கண்ணி கோக்கப்படும்போதும் ஒரு தண்ணீர் வெளியேற வேண்டும். புரதத்துக்கு மட்டுமில்லை, ஆர்என்ஏ, டிஎன்ஏ, மாவுச்சத்து என்று உயிரின் நீண்ட சங்கிலிகள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். சங்கிலி அறுவது இதற்கு நேர் தலைகீழ்: தண்ணீர் உள்ளே நுழைகிறது, கண்ணி விட்டுப்போகிறது. அப்படியானால் சுற்றிலும் தண்ணீரே நிறைந்த ஒரு கடலில், நொதி என்று எதுவும் இல்லாத ஒரு காலத்தில், சங்கிலி எப்படி நீண்டிருக்கும்? மழையில் துணி காயப்போடுகிற மாதிரி அல்லவா இருக்கிறது!

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. உயிரின் தொடக்கம் பற்றி எந்தக் கருதுகோளைப் படித்தாலும் இப்போது முதலில் இதை வைத்துத்தான் உரசிப் பார்க்கிறேன்: இவர்கள் தண்ணீரை என்ன செய்கிறார்கள்?

காலக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான் படிகங்களில் மிகப் பழையவை ஏறக்குறைய 440 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. அந்தப் பழைய சிர்கான்களில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளைப் பார்த்தால் அவ்வளவு சீக்கிரமே பூமியின் மேற்பரப்பில் நீர் இருந்ததாகத் தெரிகிறது. அதே ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் 348 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகக் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ அது நடந்திருக்கிறது. இன்றுள்ள எல்லா உயிர்களுக்கும் பொதுவான கடைசி மூதாதை சுமார் 420 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்திருக்கும் என்று 2024-இல் வெளியான ஒரு ஆய்வு மரபணுக்களை வைத்துக் கணக்கிட்டது. அது சரியென்றால் பூமி ஆறியதும் ஆறாததுமாக உயிர் வந்துவிட்டது.

கேள்வி பழையது. லூயி பாஸ்டர் 1860-களின் தொடக்கத்தில் அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்த குடுவைகளில் சாற்றைக் கொதிக்கவைத்து, காற்றுப் பட்டாலும் தூசி உள்ளே விழாதவரை அதில் எதுவும் முளைக்காது என்று காட்டினார். உயிர் உயிரிலிருந்துதான் வரும் என்பது அன்று நிலைபெற்றது. அப்படியென்றால் முதல் உயிர்? அதற்குச் சார்லஸ் டார்வின் 1871-இல் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு ஊகத்தைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். வெதுவெதுப்பான ஒரு சின்னக் குட்டை, அதில் அம்மோனியா, பாஸ்பரஸ் உப்புகள், ஒளி, வெப்பம், மின்சாரம் எல்லாம் இருந்து ஒரு புரதம் உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம், இன்று அப்படி ஒன்று உருவானால் உடனே ஏதாவது ஒரு உயிர் அதைத் தின்றுவிடும், உயிர்களே இல்லாத காலத்தில் அந்த ஆபத்து இருந்திருக்காது என்கிறார். கவனியுங்கள், அவர் சொன்னது குட்டை. 1924-இல் ரஷ்யாவின் ஓபாரினும் 1929-இல் இங்கிலாந்தின் ஹால்டேனும் தனித்தனியாக இந்த எண்ணத்தை வளர்த்தபோது, குறிப்பாக ஹால்டேன் கையில், அந்தக் குட்டை பெருகிக் கடலாகிவிட்டது. ஆதிச் சூப் என்று எல்லோர் வாயிலும் புழங்குவது அதுதான்.

இப்போது அந்தக் குடுவைக்கு வருகிறேன், ஏனென்றால் பாடப்புத்தகம் சொன்னதைவிட அதில் விஷயம் அதிகம். ஸ்டான்லி மில்லருக்கு அப்போது 22 வயது, சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். அவருடைய வழிகாட்டி ஹெரால்டு யூரே ஏற்கெனவே 1934-இல் நோபல் வாங்கியவர். கீழ்க் குடுவையில் தண்ணீர் கொதித்து ஆவியாகி மேலே போகும். மேல் குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நடுவில் இரண்டு மின்முனைகளுக்கிடையே விடாமல் பொறி. ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக மறுபடி கீழ்க் குடுவைக்கே வந்து சேரும். முதல் நாள் முடிந்தபோதே தண்ணீர் லேசான ரோஸ் நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரு வாரத்தில் ஆழ்ந்த சிவப்பாகிக் கலங்கிவிட்டது. காகித வண்ணப்பிரிகை செய்து பார்த்தால் கிளைசின், அலனின் முதலிய அமினோ அமிலங்களின் புள்ளிகள் ஊதா நிறத்தில் தெரிந்தன. கட்டுரை 1953 மே மாதம் வெளிவந்தது, மில்லர் பெயரில் மட்டும். தன் பெயரும் சேர்ந்தால் பெருமை முழுக்கத் தனக்கே வந்துவிடும் என்று யூரே விலகிக்கொண்டார். அந்த ஒரு செயலுக்காகவே அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

மில்லர் அந்தக் காலத்துச் சோதனைகளின் எச்சங்களைச் சின்னச் சின்னக் குப்பிகளில் உலர்த்தி வைத்திருந்தார். 2007-இல் அவர் இறந்த பிறகு அவருடைய பழைய மாணவர் ஜெஃப்ரி பாடாவும் மற்றவர்களும் அவற்றை எடுத்து இக்காலக் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். எரிமலை ஆவியைப் போலச் செய்ய மில்லர் வடிவமைத்த இன்னொரு கருவியின் குப்பிகளில் மட்டும் 22 அமினோ அமிலங்கள் இருந்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு பெட்டிக்குள் யாரும் பார்க்காமல் கிடந்திருக்கின்றன.

அப்புறம் 2021-இல் இன்னொன்று தெரியவந்தது. அந்தச் சோதனையை ஒரு முறை கண்ணாடியிலும் ஒரு முறை டெஃப்லான் பாத்திரத்திலும் செய்து பார்த்தார்கள். டெஃப்லானில் கிடைத்த பொருட்கள் மிகவும் குறைவு. காரணம், அம்மோனியா கலந்த காரநீர் கண்ணாடிச் சுவரை மெல்ல அரித்து அதிலிருந்து சிலிக்காவைக் கரைக்கிறது, அந்த அரிக்கப்பட்ட பரப்பு வினைகளுக்குக் கை கொடுக்கிறது. எழுபது வருஷமாக எல்லோரும் வாயுவையும் மின்பொறியையும் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், பாத்திரமும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. ஆதி பூமியில் பாத்திரம் என்றால் பாறைதான், நீர் பாறையைத் தொடும் இடம்தான்.

மில்லர் எடுத்துக்கொண்ட வாயுக்கலவை சரியில்லை என்ற விமரிசனம் உண்டு. ஆதி வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் அதிகம் இருந்திருக்கும் என்பது இன்று பெரும்பாலானோர் கருத்து. அந்தக் கலவையில் விளைச்சல் குறைவு. அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் என்னை அது அவ்வளவாக உறுத்துவதில்லை. ஏனென்றால் அமினோ அமிலங்கள் வானத்திலிருந்தே விழுகின்றன. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லைச் சிரில் பொன்னம்பெரும இடம்பெற்ற நாசா குழு ஆராய்ந்து அடுத்த ஆண்டே அதில் அமினோ அமிலங்கள் இருப்பதைச் சொன்னது. இன்றைக்கு அந்தக் கல்லில் கண்டுபிடிக்கப்பட்ட அமினோ அமிலங்கள் எழுபதுக்கும் மேல். உயிரே வேறெங்கோ தோன்றி இங்கே வந்து விழுந்தது என்பவர்களும் உண்டு. அது கேள்வியை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடுவது மட்டுமே என்பதால் நான் அதில் நிற்பதில்லை. சரக்குக்குப் பஞ்சமில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். சரக்கைக் கோப்பதுதான் பிரச்சினை. அங்கேதான் என் ஆசிரியரின் இரண்டாம் வாக்கியத்துக்கும் மூன்றாம் வாக்கியத்துக்கும் நடுவில் பெரிய பள்ளம் கிடக்கிறது.

எதைக் கோக்க வேண்டும்? இங்கே ரொம்ப நாள் முட்டுக்கட்டை ஒன்று இருந்தது. டிஎன்ஏ தகவலை வைத்திருக்கிறது, ஆனால் அதைப் படியெடுக்கப் புரதங்கள் வேண்டும். புரதம் வேலை செய்கிறது, ஆனால் அதைச் செய்யும் குறிப்பு டிஎன்ஏவில் இருக்கிறது. கோழியா முட்டையா கதை. 1960-களிலேயே கார்ல் வோஸ், பிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கெல் ஆகியோர், இரண்டு வேலையையும் ஆர்என்ஏ ஒன்றே பார்த்திருக்கலாமே என்று யோசித்தார்கள். 1982-இல் தாமஸ் செக், டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியில் ஒரு ஆர்என்ஏ எந்தப் புரதத்தின் உதவியும் இல்லாமல் தன்னைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். சிட்னி ஆல்ட்மனும் நொதியாக வேலை செய்யும் இன்னொரு ஆர்என்ஏவைக் கண்டார். இருவருக்கும் 1989-இல் நோபல். இடையில் 1986-இல் வால்டர் கில்பர்ட் 'ஆர்என்ஏ உலகம்' என்று பெயர் வைத்தார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்தக் கருதுகோளுக்கு எனக்குத் தெரிந்து மிக அழகான சாட்சி நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ரைபோசோம் என்பது புரதம் செய்யும் எந்திரம், எல்லா உயிர்களிலும், கிட்டத்தட்ட எல்லாச் செல்களிலும் உண்டு. ஆர்என்ஏவும் புரதமும் கலந்தது. 2000-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழு அதன் பெரிய பாதியின் அமைப்பை அணு அணுவாகப் படம் பிடித்தபோது, அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோக்கப்படும் அந்த நடு மையத்தின் பக்கத்தில் புரதம் எதுவுமே இல்லை. சுற்றிலும் ஆர்என்ஏ மட்டும். புரதங்கள் வெளிப்புறத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கின்றன. உலகத்தின் எல்லாப் புரதங்களையும் கோத்துக்கொண்டிருப்பது ஒரு ஆர்என்ஏ! இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் கையிலும் கண்ணிலும் இந்த நொடி அது நடந்துகொண்டிருக்கிறது. பாறையில் கிடைக்கும் எந்தப் புதைபடிவமும் இவ்வளவு பழையதாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

சரி, அந்த ஆர்என்ஏ எப்படி வந்தது? இங்கே மறுபடி தண்ணீர். ஆர்என்ஏவின் முதுகெலும்பில் ரைபோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. ஃபார்மால்டிஹைடிலிருந்து சர்க்கரைகள் உருவாகும் என்பதைப் புட்லெரோவ் 1861-லேயே காட்டிவிட்டார், ஆனால் அதில் ரைபோஸ் பல சர்க்கரைகளுக்கு நடுவே கொஞ்சூண்டுதான் வரும். வந்ததும் நிற்காது. மில்லரே தன் சகாக்களோடு 1995-இல் அளந்து பார்த்தார்: நடுநிலையான நீரில் 100 டிகிரி வெப்பத்தில் ரைபோஸில் பாதி 73 நிமிடத்தில் சிதைந்துவிடுகிறது, பூஜ்யம் டிகிரியில் 44 ஆண்டு. மனித வாழ்க்கைக்கு 44 ஆண்டு நீண்ட காலம். புவியியலுக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. தன் பெயரை உலகப் புகழாக்கிய சூப்புக் கதைக்கே இடைஞ்சலான முடிவை அவர் தன் கையாலேயே வெளியிட்டார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

வழி திறந்தது 2009-இல். மான்செஸ்டரில் ஜான் சதர்லேண்டும் மாணவர்களும் சர்க்கரையைத் தனியாக, அதோடு ஒட்டியிருக்க வேண்டிய நைட்ரஜன் கலந்த காரப்பொருளைத் தனியாகச் செய்து கடைசியில் ஒட்டும் பழைய வழியை விட்டுவிட்டு, இரண்டும் பிரிந்திருக்கும் கட்டத்தையே தாண்டிப் போகிற ஒரு பாதையில் ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளில், அதாவது அதன் சங்கிலியின் நான்கு வகைக் கண்ணிகளில், இரண்டைச் செய்து காட்டினார்கள். பாஸ்பேட் ஆரம்பத்திலிருந்தே கலவையில் இருந்து ஊக்கியாகவும் வேலை பார்க்கிறது. கடைசியில் புற ஊதா ஒளி வேண்டாத பக்கவிளைவுப் பொருட்களை அழித்துவிட, வேண்டியது தாக்குப்பிடிக்கிறது. புற ஊதா ஒளி என்றால் சூரியன் பட வேண்டும். ஆழ்கடலில் நடக்காது. இந்த ஒரு தகவல் படித்த நாளில்தான் நான் மனசளவில் கடலை விட்டுக் கரையேறினேன்.

ஆனாலும் கடலடி ஆட்களின் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது, அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 1977-இல் ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் போனவர்கள் காலபகோஸ் அருகே கடலடியில் வெந்நீர் ஊற்றுகளையும், சூரிய ஒளியை நம்பாமல் அங்கே குடியிருக்கும் உயிர்க்கூட்டங்களையும் கண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து 350 டிகிரியைத் தொடும் கரும்புகை ஊற்றுகள் தெரியவந்தன. அவ்வளவு சூட்டில் எந்த நுண்மையான மூலக்கூறும் தாங்காது. ஆனால் மைக்கேல் ரஸ்ஸல் என்ற புவியியலாளர், இதைவிட மிதமான, காரத்தன்மை கொண்ட ஊற்றுகள் இருக்க வேண்டும், உயிர் அங்கேதான் தொடங்கியிருக்கும் என்று அப்படி ஒன்றை யாரும் கடலடியில் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட்டார். 2000 டிசம்பரில் டெபோரா கெல்லி இடம்பெற்ற குழு அட்லாண்டிக் நடுவில் அதே மாதிரி ஒன்றைக் கண்டது. லாஸ்ட் சிட்டி என்று பெயர். 60 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் வெள்ளைக் கார்பனேட் கோபுரங்கள், 40 முதல் 90 டிகிரி வரை வெப்பம், அடியில் பாறையின் இரும்புத்தாது கடல்நீரோடு வினைபுரிந்து விடாமல் வெளியிடும் ஹைட்ரஜன்.

அந்தக் கோபுரச் சுவரைக் கிட்டத்தில் பார்த்தால் பஞ்சு மாதிரி நுண்துளைகள். உள்ளே காரநீர். ஆதிக் கடலில் கார்பன் டை ஆக்சைடு நிறையக் கரைந்திருந்ததால் வெளியே லேசான அமிலநீர் இருந்திருக்கும். நடுவே மெல்லிய சுவர். அதாவது ஒரு பக்கம் புரோட்டான் அதிகம், மறுபக்கம் குறைவு. இதே ஏற்பாட்டில்தான் இன்று பாக்டீரியா முதல் நம் மைட்டோகாண்ட்ரியா வரை எல்லாம் சக்தி எடுக்கின்றன, அணைக்கட்டில் தண்ணீரைத் தேக்கி மதகில் விசையாழியைச் சுழற்றுவது போல. பீட்டர் மிட்செல் 1961-இல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை, 1978-இல் நோபல் கொடுத்தார்கள். உயிரின் இவ்வளவு விசித்திரமான, ஆனால் இவ்வளவு பொதுவான ஒரு பழக்கம், பாறை இலவசமாகக் கொடுத்த ஒரு சூழலின் நினைவாக இருக்கலாம் என்று உயிரியலாளர்கள் நிக் லேனும் வில்லியம் மார்ட்டினும் வாதிடும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. 2016-இல் மார்ட்டின் குழு அந்தப் பொது மூதாதைக்கு உரியவையாக 355 மரபணுக் குடும்பங்களைப் பிரித்தெடுத்தது. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் வைத்து வாழ்ந்த, சூடு விரும்பும் ஒரு உயிராக அது தெரிந்தது. ஒரே ஒரு விஷயம்: பொது மூதாதை வாழ்ந்த இடமும் உயிர் பிறந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

என் கேள்வியை இவர்களிடமும் கேட்டேன். தண்ணீரை என்ன செய்கிறீர்கள்? பதில் இருக்கிறது, பாதிப் பதில். ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிரும் உள்ள ஒடுங்கிய துளைக்குள் பெரிய மூலக்கூறுகள் அடியில் சேர்ந்து பலமடங்கு செறிவாகும் என்று மியூனிக்கில் டீட்டர் பிரவுன் குழு காட்டியது. செறிவு கூடினால் நல்லதுதான். ஆனால் கண்ணி கோக்கும்போது வெளியேற வேண்டிய அந்த ஒற்றைத் தண்ணீர், அங்கேயும் தண்ணீருக்குள்தான் வெளியேற வேண்டியிருக்கிறது.

ஒருநாள் மழை ஓய்ந்த பிறகு கல்தரையின் பள்ளம் ஒன்றில் தேங்கிய நீர் வற்றுவதைக் காலையிலிருந்து விட்டுவிட்டுப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நீர் சுருங்கச் சுருங்க ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு விழுகிறது, அது காய்ந்ததும் அதற்கு உள்ளே இன்னொரு கோடு. வெளி வளையம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிசு, உள்ளே போகப் போக அழுக்கு அடர்த்தியாகிறது, கடைசியில் நடுவில் ஒரு பொட்டு மாதிரி எல்லாம் திரண்டு கிடக்கிறது. மாலையில் மறுபடி தூறல். எல்லா வளையமும் கலைந்து மிதந்தது.

அமெரிக்க விஞ்ஞானி டேவிட் டீமரின் கருதுகோள் கிட்டத்தட்ட இதுதான். எரிமலை நிலத்து வெந்நீர்க் குட்டை, வற்றுகிறது, நிறைகிறது, மறுபடி வற்றுகிறது. சோப்பு மாதிரியான கொழுப்பு அமிலங்கள் நீரில் இருந்தால் தாமாகவே குமிழ்களாகச் சுருண்டுகொள்ளும். மர்ச்சிசன் விண்கல்லிலிருந்து பிரித்தெடுத்த பொருளே இப்படிக் குமிழ் கட்டுவதை அவர் 1980-களில் காட்டினார். குட்டை காயும்போது அந்தக் குமிழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கடுக்கான தாள்களாகின்றன. நடுவில் ஆர்என்ஏ எழுத்துகள் மாட்டிக்கொண்டு வரிசையாக நெருங்குகின்றன. நீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருப்பதால், வெளியேற வேண்டிய அந்த ஒற்றைத் தண்ணீருக்கு இப்போது போக இடம் இருக்கிறது. கண்ணி விழுகிறது. மறுபடி நீர் வரும்போது தாள்கள் உப்பிக் குமிழ்களாகப் பிரிகின்றன, சில குமிழ்களுக்குள் சங்கிலிகள் சிக்கியிருக்கும். கொஞ்சம் அறுந்துபோகும், கொஞ்சம் மிஞ்சும், அடுத்த சுற்றில் மிஞ்சியது இன்னும் நீளும். தண்ணீரைத் தவிர்க்கப் பார்க்காமல் அதன் வருகையையும் போக்கையும் வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஒரு கருதுகோளை நான் பார்த்தது இங்கேதான்.

டீமர் இதை ஆய்வகத்தோடு விட்டுவிடவில்லை. ரஷ்யாவின் கம்சாட்கா தீபகற்பத்தில் முட்னோவ்ஸ்கி எரிமலையின் பக்கத்தில், கொதிநிலையை நெருங்கும், களிமண் படிந்த ஒரு சின்ன அமிலக் குட்டையில் அமினோ அமிலங்கள், ஆர்என்ஏவின் காரப்பொருட்கள், பாஸ்பேட், கொழுப்பு அமிலம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினார். வெள்ளையாய் நுரை பொங்கியது. சில மணி நேரத்தில் கொட்டியதில் பெரும்பகுதி நீரிலிருந்து காணாமல் போயிற்று, களிமண் இழுத்துக்கொண்டுவிட்டது. சங்கிலியும் வரவில்லை, ஒழுங்கான குமிழும் வரவில்லை. அதை ஒளிக்காமல் எழுதிவிட்டுத்தான் அவர் எந்த மாதிரிக் குட்டை சரிப்படும் என்று தேடப் போனார். இந்தத் துறையில் என்னை இருத்தி வைத்திருப்பது இந்த மாதிரி ஆட்கள்தான்.

களிமண் வில்லன் என்றும் சொல்லிவிட முடியாது. மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் குமிழ்கள் வேகமாக உருவாக உதவுகிறது என்று ஜாக் ஷோஸ்டாக் குழு 2003-இல் காட்டியது. அதே களிமண் ஆர்என்ஏ எழுத்துகளை ஒட்டவும் உதவுகிறது என்று ஜேம்ஸ் ஃபெரிஸ் அதற்கு முன்பே காட்டியிருந்தார். கடலுப்பு விஷயத்திலும் இப்படித்தான். கடல்நீரில் இருக்கும் மக்னீசியமும் கால்சியமும் கொழுப்பு அமிலக் குமிழ்களைக் குலைத்துவிடுகின்றன, வெந்நீர் ஊற்றின் உப்புக் குறைந்த நீரில் அவை நிற்கின்றன என்று டீமர் தரப்பு சொன்னது. பலவகைக் கொழுப்புகளைக் கலந்தால் காரத்தன்மையுள்ள உப்புநீரிலும் குமிழ் நிற்கும் என்று 2019-இல் லேன் தரப்பு காட்டிவிட்டது. ஒரு புள்ளி இவர்களுக்கு, ஒரு புள்ளி அவர்களுக்கு.

பாஸ்பேட்டையும் சொல்லாமல் விட முடியாது, டார்வின் கடிதத்திலேயே அது இருக்கிறது. ஆர்என்ஏவின் ஒவ்வொரு கண்ணியிலும் பாஸ்பேட் வேண்டும், ஆனால் இயற்கை நீரில் கால்சியம் அதைப் பிடித்துக்கொண்டு கரையாத தாதுவாக அடியில் போட்டுவிடும். பல பத்தாண்டுகளாக இது ஒரு பெரிய தலைவலி. ஆனால் சோடா ஏரிகளில், அதாவது கார்பனேட் மிகுந்த ஏரிகளில், கால்சியத்தைக் கார்பனேட் முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது, பாஸ்பேட் தப்பித்து நீரிலேயே சேர்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லாஸ்ட் சான்ஸ் லேக் என்று ஒரு ஏரி இருக்கிறது. எரிமலைப் பாறைமேல் கிடக்கும் அதன் ஆழம் ஒரு அடிகூட இருக்காது. இயற்கை நீர்நிலைகளில் இதுவரை அளந்ததிலேயே மிக அதிகமான பாஸ்பேட் அதில்தான் இருக்கிறது. வற்றி வற்றிச் செறிவான நீர் அது. ஆய்வாளர்கள் வெளியிட்ட படங்களில் தரையெல்லாம் உப்புப் பொருக்கு வெடித்துக் கிடக்கிறது.

அந்தப் பொருக்கை இப்போது நான் வேறொரு இடத்தோடு சேர்த்து நினைக்கிறேன். ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து 121.6 கிராம் மண்ணும் கல்லும் எடுத்து 2023 செப்டம்பர் 24 அன்று பூமியில் இறக்கியது. 2025 ஜனவரியில் முடிவுகள் வந்தன. நம் புரதங்களில் இருக்கும் 20 அமினோ அமிலங்களில் 14, டிஎன்ஏ, ஆர்என்ஏவின் ஐந்து காரப்பொருட்களும், கூடவே ஏராளமான அம்மோனியா. அதோடு, யாரும் அவ்வளவாக எதிர்பார்க்காத உப்புகள். சோடியம் கார்பனேட்டுகள், பாஸ்பேட், சாதாரண உப்பு. பென்னு எந்தப் பெரிய பிண்டத்திலிருந்து உடைந்து வந்ததோ அதற்குள் உப்புநீர் இருந்து, அது மெல்ல மெல்ல வற்றி, ஒன்றன்பின் ஒன்றாக இந்தத் தாதுக்கள் படிந்திருக்கின்றன. மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் ட்ரோனா என்ற கார்பனேட் உப்பு ஊசி ஊசியாய் நிற்கிறது, சோடா ஏரிகள் காயும்போது படியும் அதே உப்பு.

நான் பட்டியல் போட்டு வைத்திருந்த எல்லாம் அங்கே இருந்திருக்கிறது. அமினோ அமிலம், காரப்பொருள், அம்மோனியா, பாஸ்பேட், நீர், வற்றுதல். ஆனால் உயிரின் அறிகுறி எதுவும் இல்லை. கிளைசின் தவிர மற்ற அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் வரும். நம் புரதங்களில் அவை இடக்கை வடிவம்; பென்னுவில் இடக்கையும் வலக்கையும் ஏறக்குறையச் சரிபாதி. அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் ஊகம், அங்கே நீர் வற்றிய பிறகு மறுபடி நிறையவில்லை, வெயிலும் படவில்லை என்பது. தப்பாக இருக்கலாம். கல்தரையில் நான் பார்த்த வளையங்கள் சாயங்காலத் தூறலில் கலைந்துபோயின. பென்னுவின் ஊசிகள் மட்டும் 450 கோடி வருஷமாகக் கலையாமல் அப்படியே நின்றிருக்கின்றன.